கேள்விகளால் உருப்பெறும் இயங்குதளம்

ஓர் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர் தாம் கண்ட குறையை அதை உருவாக்கியவரிடமே நேராகச் சொல்லவும், உருவாக்கியவர் தரும் விடையை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் படிக்கவும் வழிசெய்யும் ஏற்பாடு, திறந்த மூல மென்பொருள் உலகில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் பழுதானால் நிறுவனத்தின் சேவை மையத்தை அணுகுவதும், அங்குள்ள ஊழியர் தம்மிடமுள்ள குறிப்புகளைப் பார்த்துப் பதில் சொல்வதும் பெரும்பாலோர் அறிந்த வழக்கம். திறந்த மூல இயங்குதளங்களில் நடப்பது இதனின்றும் வேறானது. இங்கே விடையளிப்பவர் பெரும்பாலும் அந்த நிரலை எழுதியவராகவோ அதைப் பேணி வருபவராகவோ இருக்கிறார். கேள்வியும் விடையும் நிரலைப் போலவே பொதுச்சொத்தாகச் சேமிக்கப்படுகின்றன. சரியாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி நிரலையே மாற்றிவிடுகிறது. இந்த உரையாடல் எவ்வாறு நடக்கிறது, அது பிசகினால் என்ன நேர்கிறது, இரு தரப்பாருக்கும் அது விதிக்கும் கடமைகள் எவை என்பவற்றை, இவ்வகை இயங்குதளங்களுள் மூத்தவற்றில் ஒன்றான டெபியனை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் இடையில் நின்று, நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைச் சேமித்தல், திரையையும் விசைப்பலகையையும் வலையமைப்பையும் இயக்குதல் முதலிய பணிகளைச் செய்யும் அடித்தள மென்பொருளே இயங்குதளம். அதன் மூல நிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவிலேயே உள்ள கட்டளைத் தொகுப்பை, எவரும் படிக்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் இடம் தருமானால், அது திறந்த மூல இயங்குதளம் எனப்படும்; இவ்வுரிமைகளைப் பயனரின் சுதந்திரமாகக் கருதி வலியுறுத்துவோர் கட்டற்ற மென்பொருள் என்னும் பெயரையே விரும்புவர்.

லினக்ஸ் என்பது கண்டிப்பான பொருளில் இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னலை மட்டுமே குறிக்கும். அந்தக் கெர்னலோடு ஆயிரக்கணக்கான செயலிகளைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து, கணினியில் நிறுவத்தக்க முழு வடிவில் தருவது வழங்கல் எனப்படுகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவை இத்தகைய வழங்கல்கள். வழங்கலில் இடம்பெறும் ஒவ்வொரு மென்பொருளும் பொதி என்னும் அலகாகக் கட்டப்படுகிறது. அந்தப் பொதிக்குப் பொறுப்பேற்றவர் அதன் பராமரிப்பாளர். அம்மென்பொருளை முதலில் எழுதி வெளியிடும் குழுவின் பணி மூலத் திட்டம் எனப்படும். பயனர் எழுப்பும் கேள்வி பல நேரங்களில் பராமரிப்பாளரிடம் தொடங்கி மூலத் திட்டம் வரை பயணம் செய்ய வேண்டியிருப்பதால், இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது இன்றியமையாதது.

கேள்வியோடு பிறந்த மரபு

பயனரைக் கேட்டுச் செய்யும் வழக்கம் லினக்ஸின் பிறப்பிலேயே இருந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் செய்திக்குழுவில், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்து, அதில் என்னென்ன வசதிகள் இருந்தால் நன்று என்று அவர்களிடமே கேட்டார். அறிவிப்பும் கேள்வியும் ஒரே மடலில் அமைந்திருந்த அந்தத் தொடக்கம், பின்னர் உலகெங்கும் இருந்து வந்த சோதனைகளுக்கும் திருத்தங்களுக்கும் வாயிலாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்து, 1993 ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அக்காலத்து வழங்கல்கள் சிலவற்றில் பிழைகள் மலிந்திருந்ததையும் அவற்றைப் பேணுவார் இல்லாதிருந்ததையும் கண்ட அவர், லினக்ஸைப் போலவே திறந்த முறையில், பலர் கூடிக் கவனத்துடன் கட்டும் வழங்கல் ஒன்று தேவை என்று கருதினார். இன்று டெபியனை ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் உருவாக்குகிறார்கள். அவர்களுள் பலர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். 2023 ஜூனில் வெளியான 12ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இடம்பெற்றன. உபுண்டுவும் வேறு பல வழங்கல்களும் டெபியனை அடித்தளமாகக் கொண்டவை என்பதால், டெபியனில் கேட்கப்படும் கேள்வியின் பயன் அதன் எல்லையைக் கடந்து செல்கிறது.

டெபியனின் தனித்தன்மையை வகுத்தது 1997 ஜூலையில் அது ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம். திட்டத்தின் உறுப்பினர்கள் தம் பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்கும் தாமே முன்வந்து அளித்த வாக்குறுதிகளின் தொகுப்பு அது. அதன் மூன்றாம் கூறு, குறைகளை மறைப்பதில்லை என்றும், வழு அறிக்கைகள் அனைத்தும் எப்போதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்றும் உறுதி கூறுகிறது. நான்காம் கூறு, பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே தம் முதன்மை என்று அறிவிக்கிறது. மென்பொருளின் குறைகளை நிறுவனங்கள் உள்வட்டத்துக்குள் வைத்துக்கொள்வதே இயல்பாயிருந்த காலத்தில், தன் குறைப்பட்டியலை முழுமையாக உலகின் முன் விரித்து வைப்பதாக ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தது துணிவான செயல்.

ஒரு வழு அறிக்கையின் பயணம்

வழு என்பது நிரலில் உள்ள பிழை. அதைக் கண்டவர் முறைப்படி எழுதி அனுப்பும் குறிப்பே வழு அறிக்கை. டெபியனில் இதற்கென ரிப்போர்ட்பக் என்னும் கருவி உள்ளது. பயனர் அதை இயக்கியதும், எந்தப் பொதியில் குறை என்று அது கேட்கிறது. பெயரைச் சொன்னதும், அப்பொதியைப் பற்றி ஏற்கெனவே வந்துள்ள அறிக்கைகளைத் திரட்டிக் காட்டி, இதே குறையை வேறு யாரேனும் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கச் செய்கிறது. இந்த ஒரு படியிலேயே பலரின் ஐயம் தீர்ந்துவிடுகிறது, ஏனெனில் அவர்களுடைய கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டு விடையும் பெற்றிருக்கக்கூடும். குறை புதியதாயின், பொதியின் பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகளின் பதிப்புகள், கெர்னலின் விவரம் ஆகியவற்றைக் கருவியே சேர்த்துக்கொண்டு, பயனர் எழுதும் விளக்கத்துடன் மின்னஞ்சலாக அனுப்பிவைக்கிறது.

அறிக்கை சேர்ந்தவுடன் அதற்கு ஓர் எண் தரப்படுகிறது. 2021 நவம்பரில் இந்த எண் பத்து இலட்சத்தைத் தொட்டது. அதன்பின் அந்த எண்ணைக் குறித்து எழுதப்படும் மடல்கள் யாவும் அதே பக்கத்தில் காலவரிசையில் சேர்கின்றன. பராமரிப்பாளரின் விடையும், வேறு பயனர்கள் தம் கணினியில் கண்டதைச் சொல்லும் குறிப்புகளும், திருத்த முயற்சிகளும், கருத்து மாறுபாடுகளும் அழிக்கப்படாமல் அங்கேயே இருக்கின்றன.

ஒவ்வோர் அறிக்கைக்கும் கடுமையின் அளவு ஒன்று குறிக்கப்படுகிறது. ஏழு படிகள் கொண்ட அந்த அளவுகோலின் உச்சியில் முழுக் கணினியையும் முடக்கும் அல்லது பெருமளவில் தரவை அழிக்கும் வழுக்களும், அடியில் புதிய வசதி வேண்டும் என்னும் விருப்பங்களும் நிற்கின்றன. மேல் மூன்று படிகளைச் சேர்ந்தவை வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் எனப்படும். அவற்றைத் திருத்தியாக வேண்டும், இல்லையேல் அந்தப் பொதியே புதிய பதிப்பிலிருந்து நீக்கப்படும். டெபியனின் பதிப்புகள் நாள் குறித்து வெளியாவதைவிட, ஆயத்தமானபோது வெளியாவதையே மரபாகக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். முகமறியாப் பயனர் ஒருவர் அனுப்பிய குறிப்பு, அது உண்மையும் கடுமையும் வாய்ந்ததாயின், உலகளாவிய வெளியீடு ஒன்றையே காத்திருக்கச் செய்யும் வலிமை உடையது.

பராமரிப்பாளரின் விடை பல வகைப்படும். அறிக்கையில் போதிய விவரம் இல்லையெனில் கூடுதல் தகவல் வேண்டும் என்ற குறியை இடுவார். சொன்னபடி செய்து பார்த்தும் குறை தம் கணினியில் தோன்றாவிட்டால், மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலவில்லை என்று குறிப்பார். பிழை பொதி கட்டப்பட்ட விதத்தில் இல்லாமல் மென்பொருளிலேயே இருக்குமாயின், அதை மூலத் திட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய இடத்தையும் பதிவு செய்வார். கேட்டதைச் செய்வதில்லை என்று முடிவு செய்தால், காரணம் கூறி, திருத்தப்படாது என்று குறியிடுவார். மறுப்பும் ஒரு விடையே, காரணத்தோடு பொதுவில் சொல்லப்படும் மறுப்பு பயனருக்கு வேறு வழி தேட உதவுகிறது. திருத்தம் முடிந்தால், புதிய பதிப்பின் மாற்றக் குறிப்பில் அந்த வழுவின் எண்ணை எழுதுகிறார். அப்பதிப்பு களஞ்சியத்தில் ஏறியதும் அறிக்கை தானாகவே மூடப்பட்டு, அதை அனுப்பியவருக்குச் செய்தி போகிறது. எந்தக் கேள்வியால் எந்த வரி மாறியது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் எவரும் தேடி அறிய இயலும்.

இந்தத் திறந்த நிலைக்கு ஒரு விலக்கு உண்டு. தாக்குவோர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய பாதுகாப்புக் குறைகளைத் திருத்தம் ஆயத்தமாகும் முன்பே பொதுவில் அறிவித்தால் பயனர்களுக்குத் தீங்கு நேரும் என்பதால், அவை பாதுகாப்புக் குழுவிடம் தனியே தெரிவிக்கப்பட்டு, திருத்தத்தோடு சேர்த்து வெளியிடப்படுகின்றன.

அரைகுறை விடையின் விலை

கேள்வி தெளிவாகவும் விடை நிதானமாகவும் அமையாவிட்டால் விளையும் கேட்டுக்கு, டெபியன் வரலாற்றிலேயே 2008இல் வெளிப்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் நிகழ்வு சான்றாக உள்ளது. ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க இயலாதபடி மறைகுறியாக்க உதவும் நிரலகம். மறைகுறியாக்கத்துக்குத் தேவையான சாவிகள் எவராலும் ஊகிக்க முடியாத எண்களாக இருக்க வேண்டும். அதற்காக அந்நிரலகம் பல இடங்களிலிருந்து ஒழுங்கற்ற தரவுகளைத் திரட்டிக் கலக்கிறது. நிரலின் நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் வால்கிரைண்ட் என்னும் கருவி, இந்தக் கலவைக்கு உதவும் சில வரிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்ததால், அதைப் பயன்படுத்தியோர் குறை கூறினர். அதன்பேரில் 2006 மே மாதத்தில், டெபியனில் அப்பொதியைக் கவனித்து வந்தவர், எச்சரிக்கைக்குக் காரணமான இரண்டு வரிகளை நீக்கலாமா என்று மூலத் திட்டத்தின் மடலாடற்குழுவில் கேட்டார். வழுநீக்கத்துக்கு உதவுமென்றால் நீக்கலாம் என்னும் பொருள்பட விடை வந்தது.

கேட்டவர், பயனர்கள் அனைவருக்கும் செல்லவிருக்கும் பொதியில் நிலையாகச் செய்யப்போகும் மாற்றம் இது என்பதை அழுத்தமாகச் சொல்லவில்லை. விடையளித்தவர், சோதனைக்காகத் தற்காலிகமாகச் செய்யும் மாற்றம் என்று எண்ணும்படியாகக் கேள்வி அமைந்திருந்தது. நீக்கப்பட இருந்த வரிகளின் சூழலை எவரும் ஆழ்ந்து பார்க்கவில்லை. அவ்விரு வரிகளுள் ஒன்று, திரட்டிய ஒழுங்கற்ற தரவுகள் கலவையில் சேர்வதற்கான வழியாகவே இருந்தது. 2006 செப்டம்பரில் அது நீக்கப்பட்டபின், கலவையில் எஞ்சியது நிரல் இயங்கும்போது கணினி அதற்குத் தரும் வரிசை எண் மட்டுமே. வழக்கமான அமைப்பில் அந்த எண்ணுக்கு 32,768 மதிப்புகளே உண்டு. ஆகவே கணக்கிட முடியாத அளவு வகைகள் இருக்க வேண்டிய சாவிகள், ஒரே கணினி வகையில், ஒரே நீளத்தில் சில பத்தாயிரங்களுக்குள் சுருங்கின. தாக்குவோர் அவை அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ள முடிந்தது.

2008 மே 13 அன்று டெபியன் இதைத் தானே அறிவித்தது. குறையைக் கண்டறிந்தவர் டெபியன் உறுப்பினரான லூசியானோ பெல்லோ. உபுண்டு முதலிய சார்பு வழங்கல்களும் பாதிக்கப்பட்டதால், உலகெங்கும் சேவையகங்களைப் பேணுவோர் தம் சாவிகளைச் சோதித்து மாற்ற வேண்டியதாயிற்று. பலவீனமான சாவிகளை இனங்காணும் கருவியையும் டெபியன் வழங்கியது. இந்த நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. கேட்பவர் தம் நோக்கத்தையும் விளைவையும் முழுமையாகச் சொல்லாவிட்டால், அறிந்தவரின் விடையும் தவறான வழிக்கு இட்டுச் செல்லும் என்பது ஒன்று. பழைய மடல்கள் அழிக்கப்படாமல் இருந்ததால்தான், எந்தக் கேள்வியில் எந்தச் சொல் விடுபட்டது என்பதை உலகம் ஆராய முடிந்தது என்பது மற்றொன்று. பிழையின் தடத்தைப் பொதுவில் வைத்திருக்கும் திட்டமே பிழையிலிருந்து கற்றுக்கொள்ள வல்லது.

பயனரின் குரல் கொள்கையை மாற்றும்போது

எல்லாக் கேள்விகளும் ஒரு வரியைத் திருத்தி முடித்துவிடக் கூடியவை அல்ல. சில கேள்விகள் திட்டத்தின் கொள்கையையே தொடுகின்றன. கம்பியில்லா வலையமைப்பு அட்டை, வரைவியல் அட்டை போன்ற கருவிகள் பலவற்றுக்குள் இயங்கும் சிறு நிரல் நிலைபொருள் எனப்படும். அதைத் தயாரிப்பு நிறுவனங்கள் மூல நிரலின்றித் தருவதால், முழுவதும் கட்டற்றதாகவே இருப்போம் என்று உறுதியளித்திருந்த டெபியன், தன் அதிகாரபூர்வ நிறுவல் ஊடகத்தில் அதைச் சேர்க்காமல் இருந்தது. இதன் விளைவாக, புதிய மடிக்கணினியில் டெபியனை நிறுவ முயன்றவர், வலையமைப்பு அட்டைக்கான கோப்பு இல்லை என்ற செய்தியோடு நிற்க நேர்ந்தது. அந்தக் கோப்பைப் பதிவிறக்க வலையமைப்பு வேண்டும், வலையமைப்புக்கு அந்தக் கோப்பு வேண்டும் என்னும் சிக்கலில் புதியவர் பலர் மாட்டிக்கொண்டனர். நிலைபொருளைச் சேர்த்த மற்றொரு ஊடகம் தனியே கிடைத்தாலும், அது இருப்பதை அறிந்தவர் குறைவு.

ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுந்த இந்தக் கேள்விக்கு, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே வழி சொல்லிக்கொண்டிருப்பது தீர்வாகாது என்பதை உணர்ந்த டெபியன் உறுப்பினர்கள், 2022இல் பொதுத் தீர்மானம் கொண்டுவந்து வாக்களித்தனர். நிலைபொருளை அதிகாரபூர்வ ஊடகத்திலேயே சேர்ப்பது என்று அவ்வாண்டு அக்டோபரில் முடிவாயிற்று. அதற்கு இடம் தரும் வகையில் சமூக ஒப்பந்தமும் திருத்தப்பட்டது. 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு அம்மாற்றத்தோடு வந்தது. எந்த நிலைபொருள் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பயனருக்குத் தெரிவிக்கவும், வேண்டாதோர் அதைத் தவிர்க்கவும் வழிசெய்யப்பட்டது.

உபுண்டுவின் அனுபவமும் இதை ஒத்தது. 2019 ஜூனில், பழைய 32 பிட் கணினி வகைக்கான பொதிகளை அடுத்த பதிப்பிலிருந்து நிறுத்தப்போவதாக அதன் உருவாக்குநர்கள் அறிவித்தனர். பழைய விளையாட்டுகளையும், விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் வைன் என்னும் மென்பொருளையும் பயன்படுத்துவோர் எதிர்ப்புத் தெரிவிக்க, ஒரு வாரத்துக்குள்ளாகவே, தேவையான 32 பிட் பொதிகளைத் தெரிந்தெடுத்துத் தொடர்ந்து வழங்குவதாக முடிவு மாற்றப்பட்டது.

பயனர் கேட்பதெல்லாம் கிடைத்துவிடும் என்பது இதன் பொருளன்று. கணினி தொடங்கும்போது பிற சேவைகளை முறைப்படி எழுப்பும் பொறுப்பை சிஸ்டம்டி என்னும் மென்பொருளிடம் ஒப்படைப்பது பற்றி டெபியனில் கடும் விவாதம் நடந்தது. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவில் கருத்து சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி ஏற்கப்பட்டது. அந்த விடையை ஏற்காதோர் டெபியனின் நிரலையே எடுத்துக்கொண்டு, டெவுவான் என்னும் தனி வழங்கலை அதே ஆண்டில் அறிவித்தனர். அதன் முதல் நிலையான பதிப்பு 2017இல் வெளியாயிற்று. உருவாக்குநரின் விடையில் நிறைவடையாத பயனர், தம் விடையைத் தாமே எழுதிக்கொள்ளலாம் என்பதே திறந்த மூல உரிமம் தரும் இறுதி உரிமை. அந்த உரிமை இருப்பதாலேயே உருவாக்குநர்களும் பயனர் குரலைப் புறக்கணிக்கத் தயங்குகிறார்கள்.

விடையளிப்போரின் சுமை

திறந்த மூல உரிமங்களில் பரவலாக வழங்கும் ஜிபிஎல் உள்ளிட்டவை, மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. சட்டப்படி பார்த்தால், கேட்ட கேள்விக்கு விடை பெறும் உரிமை பயனருக்கு இல்லை. இருந்தும் உருவாக்குநர்கள் விடையளிக்கிறார்கள் என்றால், அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. உலகில் உள்ள எண்ணற்ற வன்பொருள் சேர்க்கைகளை எந்தக் குழுவாலும் தன் கைக்குள் வைத்துச் சோதிக்க இயலாது. பயனரின் அறிக்கையே அவர்களுக்குக் கண். இன்று கேள்வி கேட்பவர் நாளை திருத்தம் எழுதுபவராக வளர்வதும் இங்கே இயல்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் செய்த பொருள் பிறருக்கு ஒழுங்காகப் பயன்பட வேண்டும் என்னும் தொழில்நேர்மை அவர்களை விடையளிக்கத் தூண்டுகிறது.

ஆனால் இந்த நல்லெண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்வு காட்டியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் மென்பொருளை ஊதியமின்றி ஒரே ஒருவர் பல ஆண்டுகளாகப் பேணி வந்தார். 2022இல், பயனர்கள் என்ற பெயரில் சிலர், திருத்தங்கள் தாமதமாகின்றன, பொறுப்பை வேறொருவருக்குத் தர வேண்டும் என்று அவரைப் பொதுவில் தொடர்ந்து நெருக்கினர். அக்காலத்தில் உதவ முன்வந்த ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று இணைப் பராமரிப்பாளரானார். அவருடைய கைவண்ணத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் கள்ளவழி ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. நெருக்குதல் கொடுத்த பெயர்கள் இச்சதியின் பகுதியாகவே இருந்திருக்கும் என்று ஆய்ந்தோர் கருதுகின்றனர்.

அந்தச் சதியை வெளிப்படுத்தியதும் ஒரு பயனரின் கேள்வியே. டெபியனின் வளர்ச்சிநிலைப் பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் நிரலாளர், தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, அதற்குக் காரணம் என்ன என்று தேடிச் சென்று கள்ளவழியைக் கண்டார். டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவித்துவிட்டு, 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். பெரும்பாலான வழங்கல்களின் நிலையான பதிப்புகளில் அது சேருமுன்பே தடுக்கப்பட்டது. நச்சரிப்பாகக் கேட்ட கேள்விகள் ஒரு மென்பொருளைக் கள்ளர் கைக்கு இட்டுச் சென்றதையும், அக்கறையோடு கேட்ட கேள்வி அதை மீட்டதையும் ஒரே நிகழ்வில் உலகம் கண்டது.

விடையளிப்போரின் நாவடக்கமும் இதே அளவுக்கு முக்கியமானது. கெர்னலில் செய்யும் மாற்றம் பயனரின் செயலியை இயங்காமல் செய்தால், அது கெர்னலின் குற்றமே தவிர, செயலியின் குற்றமன்று என்னும் விதியில் டோர்வால்ட்ஸ் உறுதியாக நிற்பவர். பயனரைக் காக்கும் மிகச் சிறந்த விதி அது. ஆயினும் அந்த விதியை மீறிய நிரலாளர்களிடம் அவர் கையாண்ட கடுஞ்சொற்கள் நெடுங்காலம் கண்டிக்கப்பட்டன. 2018 செப்டம்பரில் அவர் தம் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் பணியிலிருந்து விலகியிருந்தார். அதே சமயத்தில் கெர்னல் திட்டம் புதிய நடத்தை விதிகளை ஏற்றது. கேட்டவரைச் சிறுமைப்படுத்தும் விடை, தொழில்நுட்ப அளவில் சரியாக இருந்தாலும், அடுத்துக் கேட்க நினைப்பவரின் வாயை அடைத்துவிடும். கேட்கப்படாத கேள்வியோடு திருத்தப்படாத வழுவும் சேர்ந்தே நின்றுவிடுகிறது.

நல்ல கேள்வியின் கூறுகள்

உருவாக்குநர்கள் வேண்டுவது நிபுணத்துவம் அன்று, நேர்த்தியே. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன செய்யப்பட்டது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது, உண்மையில் என்ன நடந்தது என்னும் ஐந்து செய்திகளும் இருந்தால் எந்த அறிக்கையும் பயனுடையதாகும். இணையம் வேலை செய்யவில்லை என்று எழுதுவதைவிட, இன்ன பதிப்பிலிருந்து இன்ன பதிப்புக்கு மேம்படுத்தியபின் கம்பியில்லா இணைப்பு கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பும்போது மட்டும் துண்டிக்கப்படுகிறது என்று எழுதுவது, பிழையைத் தேட வேண்டிய இடத்தைப் பெருமளவு சுருக்கித் தருகிறது. பிழைச் செய்தியைத் தம் சொற்களில் கூறாமல் உள்ளது உள்ளபடியே படியெடுத்துத் தருவதும், ஓர் அறிக்கையில் ஒரு குறையை மட்டுமே சொல்வதும், கேட்குமுன் கையேட்டையும் பழைய அறிக்கைகளையும் பார்ப்பதும் இத்துறையில் மதிக்கப்படும் பண்புகள். தீர்வு கிடைத்தபின் அது பலித்தது என்று ஒரு வரி எழுதிவைப்பது, அதே குறையோடு பின்னால் வரப்போகும் எத்தனையோ பேருக்குச் செய்யும் உதவியாகும்.

தமிழ்ப் பயனரின் பங்கு

தமிழருக்கு இம்மரபு அந்நியமானதன்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. டெபியனின் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம். கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைக் கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் எழுதி வருகிறது. ஆயினும் தமிழ் எழுத்து திரையில் தோன்றும் விதத்தில் இன்றும் குறைகள் எழுவதுண்டு. எடுத்துக்காட்டாக, கொ என்னும் எழுத்து கணினியில் ககரத்தை அடுத்து ஒகரக் குறியாகச் சேமிக்கப்பட்டு, திரையில் வரையும்போதுதான் ககரத்தின் இருபுறமும் பிரித்து வைக்கப்படுகிறது. லினக்ஸ் மேசைத்தளங்களில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூல நிரலகம். எழுத்துருவிலோ செயலியிலோ கோளாறு இருந்தால் குறி இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று இடையில் தோன்றும்.

தமிழ் படிக்கத் தெரியாத ஓர் உருவாக்குநர் அந்தத் திரையை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதில் பிழை இருப்பதை அறியார். சிதைந்த எழுத்தின் படம், இருக்க வேண்டிய வடிவத்தின் படம், தட்டச்சு செய்த சொல், எழுத்துருவின் பெயர், செயலியின் பதிப்பு ஆகியவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் அவருக்கு அதுவே போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோர் உள்ளூர்க் கட்டற்ற மென்பொருள் குழுக்களின் துணையை நாடலாம். ஆகவே தமிழ்க் கணிமையில் அக்கறை கொண்ட ஒவ்வொரு பயனரும், கண்ட குறையோடு அனுசரித்துப் போகும் பழக்கத்தை விட்டு, அதை முறைப்படி எழுதி உருவாக்குநருக்குத் தெரிவிப்பதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்காத ஒரு பொருளுக்குப் பயனர் செலுத்தக்கூடிய மிகச் சிறந்த கைம்மாறு, தெளிவாகவும் பண்பாகவும் எழுதப்பட்ட ஒரு கேள்வியே.